46,253-ஆவது அட்டை: பிளாக்பர்ன் சிறுமி கொலை வழக்கு, 1948

1948 மே 15, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பிளாக்பர்ன் என்னும் பருத்தி ஆலை நகரத்தின் குவீன்ஸ் பார்க் மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் இரவுப் பணியில் இருந்த செவிலியர், நள்ளிரவு கடந்து ஒரு மணி இருபது நிமிடம் இருக்கும்போது வார்டுக்குள் குளிர்காற்று அடிப்பதை உணர்ந்தார். முகப்புப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. காற்றில் திறந்திருக்கும் என்று நினைத்து அதை மூடிவிட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஜூன் ஆன் டெவனே என்ற சிறுமியின் கட்டில் காலியாக இருப்பதைக் கண்டார். நான்கு வயது நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்த அந்தக் குழந்தை, நிமோனியா காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டு, குணமடைந்து, அன்று காலை வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள். அந்த வார்டில் இருந்த குழந்தைகளில் அவளே மூத்தவள்; நடந்ததைச் சொல்லும் அளவுக்குப் பேசத் தெரிந்த வேறு குழந்தை அங்கே இல்லை.

மருத்துவமனைப் பணியாளர்கள் முதலில் தாங்களே தேடினார்கள். இரண்டு மணி ஆவதற்குள் காவல்துறைக்குத் தகவல் போயிற்று. மூன்றே கால் மணியளவில், மருத்துவமனை வளாகத்தின் எல்லைச் சுவரை ஒட்டிய புல்வெளியில் சிறுமியின் உடல் கிடைத்தது. அவள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டிருந்தாள். தலையில் ஏற்பட்ட காயங்களே மரணத்துக்குக் காரணம். வழக்கைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும். இதற்கு மேலுள்ள விவரங்களை வர்ணித்து எழுதுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இன்னொரு அவமதிப்பு என்றே நான் கருதுவதால், இக்கட்டுரை காயங்களை விட்டுவிட்டு விசாரணையைப் பின்தொடர்கிறது.

பிளாக்பர்ன் நகரக் காவல்துறையின் தலைவர் லூம்ஸ் அன்றிரவே எடுத்த இரண்டு முடிவுகள் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளமாயின. விடியும் வரை காத்திராமல் லண்டனின் ஸ்காட்லாந்து யார்டைத் தொலைபேசியில் அழைத்து உதவி கேட்டார். அதேபோல, லங்காஷயர் மாவட்டக் காவல்துறையின் கைரேகைப் பிரிவுத் தலைவரான காலின் கேம்ப்பெல்லை, வார்டில் யாரும் எதையும் தொட்டுக் கலைப்பதற்கு முன்பே வரவழைத்தார். லண்டனிலிருந்து தலைமைத் துப்பறிவாளர் ஜான் கேப்ஸ்டிக் தம் உதவியாளருடன் ரயிலில் வந்து சேர்வதற்குள், கேம்ப்பெல் தரையில் மண்டியிட்டு வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். உள்ளூர்க் காவல்துறைகள் தங்கள் எல்லைக்குள் வெளியார் வருவதை விரும்பாத காலம் அது. கௌரவம் பார்த்து ஒரு நாளைக் கடத்தியிருந்தால், தினமும் துடைக்கப்படும் ஒரு மருத்துவமனைத் தரையில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தரையும் பாட்டிலும்

வார்டின் தரை மெழுகிட்டுப் பளபளப்பாக்கப்பட்டிருந்தது. அந்த மெழுகின் மேல், காலணி இல்லாமல் காலுறை மட்டும் அணிந்த ஒரு பெரிய ஆளின் பாதச் சுவடுகள் பதிந்திருந்தன. பத்து அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட நீளம் கொண்ட அந்தச் சுவடுகள் கதவிலிருந்து வந்து, வார்டின் ஓரத்தில் இருந்த தள்ளுவண்டியருகே நின்று, அங்கிருந்து குழந்தைகளின் கட்டில்களை ஒட்டி நகர்ந்து, ஜூனின் கட்டிலுக்குப் பக்கத்தில் முடிந்து, மீண்டும் கதவை நோக்கிச் சென்றன. காலுறையின் கம்பளி இழைகளில் சில மெழுகில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை தனித்தனியே எடுத்துப் பாதுகாக்கப்பட்டன. கட்டிலின் பக்கச் சட்டம் இறக்கப்படாமலே இருந்தது. அப்படியானால், அதற்கு மேலாகக் குழந்தையைத் தூக்கி எடுக்கும் அளவுக்கு வந்தவன் உயரமானவன்.

கட்டிலின் அடியில் தரையில் ஒரு பெரிய கண்ணாடி பாட்டில் இருந்தது. மருந்தகங்களில் ‘விஞ்செஸ்டர்’ என்று அழைக்கப்பட்ட அவ்வகைப் பாட்டிலில், கிருமி நீக்கிய தண்ணீரை ஊற்றி அந்தத் தள்ளுவண்டியில் வைத்திருப்பது வழக்கம். நள்ளிரவுக்குப் பின்னும் அது வண்டியில்தான் இருந்தது என்று செவிலியர் உறுதியாகச் சொன்னார். ஆகவே பாட்டிலை இடம் மாற்றியவன், காலுறையோடு நடந்து வந்தவன்தான். தற்காப்புக்காகவோ தாக்குவதற்காகவோ அதை எடுத்திருக்கலாம். குழந்தையைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டபோது கீழே வைத்துவிட்டான்.

கேம்ப்பெல் நுண்தூளைத் தூவி அந்தப் பாட்டிலைச் சோதித்தபோது இருபதுக்கும் மேற்பட்ட பதிவுகள் தெரிந்தன. வார்டில் எல்லாரும் கையாளும் பொருளில் அது எதிர்பார்க்கக்கூடியதே. மற்றவர்கள் பெரும்பாலும் தங்களுக்குக் கிடைத்த பதிவுகளை வைத்துக்கொண்டு சந்தேக நபர்களைத் தேடப் புறப்பட்டிருப்பார்கள். கேம்ப்பெல் எதிர்த் திசையிலிருந்து தொடங்கினார். மருத்துவர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், பொருள் கொண்டுவருபவர்கள், பார்வையாளர்கள் என்று அந்த வார்டுக்குள் நியாயமான காரணத்தோடு நுழைந்திருக்கக்கூடிய ஒவ்வொருவரின் ரேகையையும் எடுத்து, பாட்டிலில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, பொருந்தியதை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார். அப்படி ரேகை எடுக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். வேலை முடிந்தபோது யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடது கையின் பதிவுகள் மட்டும் எஞ்சின. புதியவை, தெளிவானவை, பெரியவை.

இந்த விசாரணையின் உண்மையான சாதனை இந்தக் கட்டத்தில்தான் நிகழ்ந்தது என்பது என் கருத்து. பின்னர் நகரம் முழுவதும் ரேகை எடுக்கப்பட்ட கதை எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. ஆனால் அந்த ரேகை கொலையாளியுடையதுதான், ஏதோ ஒரு காலத்தில் பாட்டிலைத் தொட்ட தச்சருடையதோ பழைய பணியாளருடையதோ அன்று என்று முன்கூட்டியே நிறுவப்படாமல் போயிருந்தால், நாற்பதாயிரம் அட்டைகளைச் சேகரித்தும் பயன் இருந்திருக்காது. கிடைத்த பொருத்தத்தை நீதிமன்றத்தில் தற்காப்புத் தரப்பு ஒரே கேள்வியில் சாய்த்திருக்கும்.

ஆவணக் காப்பகம் ஏன் உதவவில்லை

ஸ்காட்லாந்து யார்டின் குற்றவாளிகள் கோப்பில் அந்த ரேகை இல்லை. வேறு காவல்துறைகளுக்கும் நாடுகளுக்கும் அதன் படங்கள் அனுப்பப்பட்டன. எங்கும் பொருத்தம் கிடைக்கவில்லை. இதில் வியப்புக்கு இடமில்லை. இங்கிலாந்து அப்போது பயன்படுத்திய வகைப்பாட்டு முறை பத்து விரல்களையும் சேர்த்துப் பார்ப்பது. பத்து விரல்களின் அமைப்பையும் எண்ணாக்கி, அந்த எண்ணைக் கொண்டு அலமாரியின் எந்தத் தட்டில் தேட வேண்டும் என்று கண்டுபிடிக்கும் ஏற்பாடு அது. கைதான ஒருவன் பழைய குற்றவாளியா என்று அறிய அது சிறந்த கருவி. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த இரண்டு மூன்று விரல்களுக்கு உரியவனைத் தேட அது அவ்வளவாக உதவாது. ஒற்றை விரல் பதிவுகளுக்கென்று 1930 வாக்கில் யார்டு ஒரு தனிக் கோப்பைத் தொடங்கியிருந்தாலும், அதிலும் குற்றப் பின்னணி உள்ளவர்கள் மட்டுமே இருந்தார்கள். இதுவரை பிடிபடாத ஒருவனுக்கு அந்த அலமாரிகளில் இடமில்லை.

அந்தப் பத்துவிரல் முறை பிறந்த இடம் கல்கத்தா என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைப்பது நல்லது. வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அது அறியப்பட்டாலும், அதன் கணித அமைப்பை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இரு இந்திய அதிகாரிகளின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ஸ்காட்லாந்து யார்டில் அது தொடங்கியது. கைரேகையால் தீர்ந்த முதல் கொலை வழக்கு என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் 1892-ஆம் ஆண்டின் அர்ஜென்டினா வழக்கும் குழந்தைகள் கொலைதான்: தன் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிட்டு அண்டை வீட்டுக்காரர் மீது பழி போட்ட பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்ற பெண், கதவில் பதிந்திருந்த இரத்தக்கறை விரல் பதிவால் அகப்பட்டாள்.

ஒரு நகரத்திடம் கேட்கப்பட்ட கேள்வி

கேப்ஸ்டிக்கும் கேம்ப்பெல்லும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருட்டில் அந்த வளாகத்துக்குள் வந்து, வழி தவறாமல் வெளியேறியவன் ஊருக்குப் புதியவனாக இருப்பது அரிது. பிளாக்பர்னிலோ அதன் அருகிலோ வாழ்பவன். வயது வந்த ஆண். குற்றப் பதிவு இல்லாதவன். அப்படியானால் அவனைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மே 14, 15 தேதிகளில் நகரத்தில் இருந்த பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணின் ரேகையையும் எடுப்பது. பிளாக்பர்னில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களும் சுமார் 35,000 வீடுகளும் இருந்தன.

அப்படிச் செய்ய எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. கைது செய்யப்படாத ஒரு குடிமகன் தன் விரலை மையில் தோய்க்க மறுத்தால் காவல்துறை கதவைச் சாத்திக்கொண்டு வெளியேற வேண்டியதுதான். போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மக்களை எண்ணிட்டு அடையாளமிட்ட அரசுகள் எதுவரை போகக்கூடும் என்பதை அந்தத் தலைமுறை ஐரோப்பாவில் கண்ணால் பார்த்திருந்தது. கைரேகை எடுப்பது குற்றவாளிகளுக்குச் செய்வது என்ற எண்ணமும் ஆழமாக வேரூன்றியிருந்தது.

காவல்துறை ஓர் உறுதிமொழி கொடுத்தது. எடுக்கப்படும் ரேகைகள் இந்த ஒரு வழக்குக்கு மட்டுமே பயன்படும். பழைய திருட்டு, கொள்ளை எதனோடும் ஒப்பிடப்படமாட்டா. வழக்கு முடிந்ததும் அனைத்தும் அழிக்கப்படும், அல்லது விரும்புவோருக்குத் திருப்பித் தரப்படும். நகர மேயர் வெளிப்படையாக இதற்கு ஆதரவு தெரிவித்து மக்களை வேண்டிக்கொண்டார். ஏதோ ஒரு சில்லறைத் திருட்டைச் செய்துவிட்டு அஞ்சிக்கொண்டிருந்த ஒருவனும் கதவைத் திறந்து கை நீட்டக்கூடிய நிலையை அந்த உறுதிமொழி உருவாக்கியது. வெறும் நல்லெண்ணச் செய்கை என்று இதைக் கருதினால் அதன் புலனாய்வு மதிப்பு விளங்காது. ஆயிரம் பேர் வேறு வேறு காரணங்களுக்காக ஒளிந்துகொண்டால், அந்தக் கூட்டத்தில் கொலையாளி எளிதாக மறைந்துவிடுவான். ஒளிய வேண்டிய காரணம் ஒருவனுக்கு மட்டுமே இருக்கும்படி செய்தால்தான் அவன் தனித்துத் தெரிவான்.

இருந்தாலும் இந்த ஒப்புதல் முழுக்க முழுக்கச் சுதந்திரமானது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டார் அனைவரும் கொடுத்த பிறகு ஒருவர் மட்டும் மறுத்தால் தெரு முழுவதும் அவரை எப்படிப் பார்த்திருக்கும் என்பது தெரிந்ததே. சட்டம் கட்டாயப்படுத்தாததை ஊர்க்கண் கட்டாயப்படுத்தியது. இதைச் சொல்வதால் உறுதிமொழியின் மதிப்பு குறைவதில்லை. அது இல்லாதிருந்தால் அந்த அழுத்தம் இன்னும் கொடுமையாக இருந்திருக்கும்.

வீடு வீடாகச் செல்ல ஆய்வாளர் பார்ட்டன் தலைமையில் சுமார் இருபது காவலர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. இப்பணிக்கென்றே கேம்ப்பெல் ஒரு சிறிய அட்டையை வடிவமைத்தார். பெயர், முகவரி, தேசியப் பதிவு எண், இடது கையின் பெருவிரல், சுட்டுவிரல் பதிவுகள், அவ்வளவுதான். பத்து விரல்களையும் எடுத்திருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் பல நிமிடங்கள் கூடுதலாகச் செலவாகியிருக்கும். தேவைப்படாத தகவலை மக்களிடமிருந்து வாங்கியதாகவும் ஆகியிருக்கும். பாட்டிலில் இருந்தது இடது கை என்பதால் இடது கை மட்டும் போதும் என்ற கணக்கு, வேகத்துக்கும் நாகரிகத்துக்கும் ஒருசேர உதவியது. பகலில் ஆண்கள் ஆலைகளில் இருப்பார்கள். இரவுப் பணிக்காரர்கள் பகலில் தூங்குவார்கள். காவலர்கள் அந்த ஒழுங்குக்கு ஏற்பத் திரும்பத் திரும்பச் சென்றார்கள்.

அட்டைகள் ஹட்டனில் இருந்த மாவட்டக் காவல் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே கணினி இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியும் மனிதக் கண்ணும்தான். ரேகையின் பொது வடிவம் வேறாக இருந்தால் அட்டையை நொடிகளில் ஒதுக்கிவிடலாம். வடிவம் ஒத்தால்தான் கோடுகள் எங்கே பிரிகின்றன, எங்கே முடிகின்றன என்று நுணுகிப் பார்க்க வேண்டும். மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூலை இறுதிக்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் பார்த்து முடிக்கப்பட்டன. ஒன்றும் பொருந்தவில்லை.

பட்டியலில் இல்லாதவர்கள்

துப்பறிவாளர்கள் அப்போது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் இந்த வழக்கில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. இரண்டு மாத உழைப்பு பலனளிக்காதபோது, கொலையாளி வெளியூர்க்காரன்தான் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது. ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் தங்கள் அனுமானத்தைச் சந்தேகிக்கும் முன் தங்கள் பட்டியலைச் சந்தேகித்தார்கள். வீடு வீடாகச் செல்வதற்கு அவர்கள் பயன்படுத்தியது வாக்காளர் பட்டியல். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் படையிலிருந்து திரும்பியவர்கள், வாடகை அறைகளுக்கு மாறிக்கொண்டே இருந்தவர்கள், வாக்குரிமை வயதை எட்டாத இளைஞர்கள் ஆகியோர் அந்தப் பட்டியலில் முழுமையாக இருக்க வாய்ப்பில்லை.

எல்லாரும் இருந்தாக வேண்டிய வேறொரு பட்டியல் அப்போது இங்கிலாந்தில் இருந்தது. போர்க்காலத்தில் வந்த உணவுப் பங்கீடு இன்னும் நீங்கவில்லை. ரேஷன் புத்தகம் இல்லாமல் யாரும் வெண்ணெயோ இறைச்சியோ சர்க்கரையோ வாங்க முடியாது; ஆகவே வாக்களிக்க அக்கறையில்லாதவனும் ரேஷன் அலுவலகத்துக்குப் போயே தீர வேண்டும். அந்தக் கோடையில், ஜூன் இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை, புதிய ரேஷன் புத்தகங்கள் வழங்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவரின் தேசியப் பதிவு எண்ணும் அலுவலகத்தில் குறித்து வைக்கப்பட்டிருந்தது. கேம்ப்பெலின் சிறிய அட்டையிலும் அதே எண் இருந்தது. இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்த்தபோது, ரேஷன் புத்தகம் வாங்கியும் ரேகை கொடுக்காத சில நூறு ஆண்கள் தெரிந்தார்கள்.

அந்தச் சிலநூறில் ஒரு பெயர், பர்லி தெருவில் பெற்றோருடன் வசித்த பீட்டர் கிரிஃபித்ஸ். வயது 22. வெல்ஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் இருந்து வெளியே வந்து, மாவு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு காவலர் அவன் வீட்டுக்குச் சென்றபோது, மறுப்பேதும் சொல்லாமல் விரல்களை நீட்டினான். அவனுடைய அட்டையின் எண் 46,253. ஆகஸ்ட் 12-ஆம் தேதி பிற்பகலில் ஹட்டனில் அந்த அட்டையைக் கையில் எடுத்த கைரேகை அலுவலர், பாட்டிலின் பதிவு அதில் இருப்பதைக் கண்டார்.

அன்று மாலை, இரவுப் பணிக்குக் கிளம்பி வீட்டுக்கு வெளியே வந்தவனை கேப்ஸ்டிக் கைது செய்தார். முதலில் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை என்றான். பாட்டிலில் அவன் ரேகை இருப்பதைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்து, அவை தன்னுடைய ரேகைகள்தான் என்றால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகக் கூறி, வாக்குமூலம் கொடுத்தான். அன்றிரவு ஏராளமாகக் குடித்திருந்ததாகவும், வளாகத்துக்குள் நுழைந்து காலணிகளைக் கழற்றிவிட்டு வார்டுக்குள் சென்றதாகவும் அதில் இருந்தது.

வாக்குமூலம் கிடைத்தவுடன் வழக்கு முடிந்துவிட்டது என்று துப்பறிவாளர்கள் இருந்துவிடவில்லை. கிரிஃபித்ஸின் உடைகளைத் தேடியபோது ஓர் அடகுக் கடைச் சீட்டு கிடைத்தது. கொலை நடந்த சில வாரங்களில் அவன் தன் கோட்டையும் காற்சட்டையையும் அடகு வைத்திருந்தான். அந்த உடையில் இருந்த இரத்தக்கறை சிறுமியின் இரத்த வகையோடு பொருந்தியது. இரத்த வகை என்பது பல லட்சம் பேருக்குப் பொதுவானது. தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் துணியின் இழைகள் சிறுமியின் உடலில் கிடைத்த இழைகளோடு ஒத்திருந்தன; வார்டின் மெழுகுத் தரையில் ஒட்டியிருந்த கம்பளி இழைகள் அவனுடைய காலுறைகளோடு ஒத்திருந்தன. ரேகை ஆளைக் காட்டியது. இழைகள் அவன் நடந்த வழியைக் காட்டின. வாக்குமூலத்தில் அவன் சொன்னவற்றைப் பொருள்சான்றுகள் ஒவ்வொன்றாக உறுதி செய்தன. அச்சுறுத்தி வாங்கியது என்றோ போதையில் உளறியது என்றோ வாக்குமூலம் மட்டும் தள்ளப்பட்டிருந்தாலும் வழக்கு நின்றிருக்கும்.

விசாரணையும் தண்டனையும்

அக்டோபர் 15 அன்று லங்காஸ்டர் அசைஸ் நீதிமன்றத்தில் நீதிபதி ஆலிவர் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. கொலை செய்தது அவன்தான் என்பதைத் தற்காப்புத் தரப்பு எதிர்த்துப் போராடவில்லை. மனநோயால் அவன் பொறுப்பற்றவன் என்று வாதிட்டது. 1843-ஆம் ஆண்டின் மெக்நாட்டன் விதிகளின்படி, செயலின் தன்மையை அறியாதவனாகவோ அது தவறென்று உணரமுடியாதவனாகவோ இருந்தால்தான் அந்த வாதம் செல்லும். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு ஓசைபடாமல் வந்தவன், தான் செய்வது தவறென்று அறியாதவன் என்பதை ஜூரிகள் ஏற்கவில்லை. 23 நிமிடங்களில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள்.

அந்த ஆண்டு தூக்குத் தண்டனையே கேள்விக்குறியாக இருந்த ஆண்டு. ஏப்ரலில் பிரிட்டிஷ் மக்களவை அதை ஐந்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்க வாக்களித்திருந்தது. உள்துறை அமைச்சர் மரண தண்டனைகளை நிறைவேற்றாமல் வைத்திருந்தார். ஜூன் தொடக்கத்தில் பிரபுக்கள் அவை அந்தத் தீர்மானத்தை 181-க்கு 28 என்ற கணக்கில் தோற்கடித்தது. நிறுத்திவைக்கப்பட்டிருந்த தூக்குகள் நவம்பரில் மீண்டும் தொடங்கியபோது, முதல் சிலவற்றில் ஒன்றாக, 1948 நவம்பர் 19-ஆம் தேதி லிவர்பூலின் வால்டன் சிறையில் கிரிஃபித்ஸ் தூக்கிலிடப்பட்டான். மரண தண்டனையை நான் ஏற்பவன் அல்லன். இந்த வழக்கின் துயரம் அந்த நிலைப்பாட்டைச் சோதிக்கிறது என்பதை மறைக்கவும் விரும்பவில்லை. ஆனால் புலனாய்வின் தரத்தை மதிப்பிடுவதற்கும் தண்டனையின் நியாயத்தை மதிப்பிடுவதற்கும் அளவுகோல்கள் வேறு.

உறுதிமொழியின் நிறைவேற்றம்

தூக்குக்கு முன்பே, நவம்பர் 3-ஆம் தேதி, காவல்துறை தன் சொல்லைக் காப்பாற்றியது. சுமார் 500 பேர் தங்கள் அட்டைகளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எஞ்சிய நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளூர்க் காகித ஆலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க, கூழாக்கப்பட்டன. ஒரு நகரத்தின் ஆண்கள் அனைவரின் ரேகையும் கையில் இருக்கும்போது, இதை வைத்துக்கொண்டால் இன்னும் எத்தனை வழக்குகள் தீரும் என்ற ஆசை எந்தக் காவல் அதிகாரிக்கும் எழுந்திருக்கும். அதற்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை.

கைரேகை அறிவியலின் வெற்றி என்று பாடப்புத்தகங்களில் இந்த வழக்கு இடம்பெறுகிறது. அறிவியல் தன் பங்கைச் செய்தது உண்மை. ஆனால் அதே ரேகை மே மாதமே கையில் இருந்தும் ஆகஸ்ட் வரை ஆள் கிடைக்கவில்லை. மூன்று மாதங்களில் மாறியது அறிவியல் அன்று, பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் கதவைத் திறந்ததற்குக் காரணம் உறுதிமொழி. கொலையாளியே கை நீட்டினான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லாரும் கொடுத்துவிட்ட ஊரில் மறுப்பது தன்னைத்தானே காட்டிக்கொடுப்பதாகும் என்ற நிலையில் அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் 1983-இலும் 1986-இலும் இரண்டு பதினைந்து வயதுச் சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில் இந்த முறை மீண்டும் கையாளப்பட்டது. இம்முறை ரேகைக்குப் பதிலாக, அலெக் ஜெஃப்ரிஸ் அப்போதுதான் கண்டறிந்திருந்த மரபணு அடையாள முறை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இரத்தம் கொடுத்தார்கள், பொருத்தம் கிடைக்கவில்லை. கொலையாளியான காலின் பிட்ச்ஃபோர்க், உடன் வேலை செய்த ஒருவரைத் தன் பெயரில் இரத்தம் கொடுக்க வைத்திருந்தான். அந்த நபர் ஒரு மதுக்கடையில் அதைப் பேசியது வெளியே தெரிந்ததால்தான் 1987 செப்டம்பரில் அவன் பிடிபட்டான். பிளாக்பர்னில் காவலர்கள் வீட்டுக்கே சென்று, அடையாள எண்ணைக் குறித்து, அங்கேயே ரேகை எடுத்தார்கள். ஆள்மாறாட்டத்துக்கு அங்கே இடம் குறைவு. தொழில்நுட்பம் எவ்வளவோ கூர்மையடைந்திருந்தும், கொடுப்பவன் யார் என்று உறுதி செய்யும் எளிய படியில் பின்னது சறுக்கியது. ஆனால் அதே மரபணுச் சோதனைதான், அதற்கு முன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவனைக் குற்றமற்றவன் என்று காட்டி விடுவித்தது. வாக்குமூலத்தைப் பொருள்சான்றோடு ஒப்பிட வேண்டும் என்று கேப்ஸ்டிக்கின் குழு கொண்டிருந்த பிடிவாதத்தின் அருமை அந்த இளைஞனின் விடுதலையில் விளங்கும்.

பிளாக்பர்னில் வாய்ச்சொல்லாக இருந்தது சட்டமாக மாற அறுபது ஆண்டுகள் ஆயின. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் ரேகையையும் மரபணுத் தகவலையும் காலவரையின்றி வைத்திருப்பது தனியுரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 டிசம்பரில் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்த இருவரில் ஒருவர் கைதானபோது பதினொரு வயதுச் சிறுவன். இந்தியாவில் 1920-ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தில் 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், சேகரித்த அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. முன்குற்றம் இல்லாத ஒருவர் விடுதலையானால் அவற்றை அழிக்க வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, நீதிபதி காரணங்களை எழுதி ஆணையிட்டால் அழிக்காமலும் வைத்திருக்கலாம் என்கிறது.